வாக்குச்சீட்டில் டிக் போடும் முன்: திவாலான மறைமாவட்டமும் உங்கள் இழப்பீடும்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

வயது 51. பூர்விகம் தூத்துக்குடிக் கடற்கரை. எண்பதுகளின் நடுவில் அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் வட கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பங்குக் கோவிலில் பீடச் சிறுவனாக இருந்தார். 11 வயதிலிருந்து 13 வயது வரை ஒரு குருவானவர் அவரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். அந்தக் குரு மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் கீழ் வரும் பங்குக் கோவில்களின் நிர்வாகத்தை) சேர்ந்தவர் அல்ல, ஒரு துறவற சபையிலிருந்து அந்தப் பங்குக்கு அனுப்பப்பட்டவர். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வாசகர் இதை மனைவியிடமே சொன்னார்.

2022 கடைசியில் யூடியூப் விளம்பரம் பார்த்து ஒரு வக்கீல் அலுவலகத்தை அழைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஒரு பெண்மணி கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் போனிலேயே கையெழுத்தாயிற்று. அலுவலகம் ஏற்பாடு செய்த மனநல நிபுணர் ஒருவரிடம் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். டிசம்பரில் வழக்குத் தாக்கலானது. அதன்பின் மறைமாவட்டம் திவால் மனு போட, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது வீட்டுக்குக் கனமான ஓர் உறை வந்திருக்கிறது. உள்ளே இழப்பீட்டுத் திட்டம், அதற்கான விளக்க அறிக்கை, ஒரு வாக்குச்சீட்டு. கூடவே வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில்: “ஏற்கிறேன் என்பதில் டிக் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.”

அவருடைய கேள்விகள் இவை. திவாலானவர்கள் எதைக் கொடுக்கப் போகிறார்கள்? வழக்குத் தாளில் என் பெயர் இல்லை, சாமியார் பெயர் இல்லை, மறைமாவட்டத்தின் பெயரும் இல்லை, எல்லாம் ‘டோ’ என்று இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களா? என் பெயர் வெளியே வருமா? 78 வயது அம்மா இன்றும் அதே பங்கில் தினப்பூசைக்குப் போகிறார், நான் வாங்கப்போவது அவர் போட்ட காணிக்கையையா? ஊரில் குருவாக இருக்கும் சித்தப்பா மகன், “முப்பது வெள்ளிக்காசுக்காகவா திருச்சபையைக் கோர்ட்டுக்கு இழுத்தாய்?” என்று கேட்டுவிட்டான். நான் டிக் போடலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் கெடு இருக்கிறது. இன்றைக்கு டிக் போடாதீர்கள். அதற்காக உறையை மேசைக்குள் தள்ளிவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். வாக்குச்சீட்டிலேயே கடைசித் தேதி அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். “வெள்ளிக்கிழமை” என்பது பெரும்பாலும் அலுவலகம் தன் வசதிக்கு வைத்த தேதியாக இருக்கும், நீதிமன்றத்தின் தேதி அதற்குப் பிறகு வரலாம். நடுவில் கிடைக்கும் நாட்களில் செய்ய வேண்டியதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் உங்கள் வக்கீல் அல்ல, உங்கள் திட்டத்தின் நகலைப் பார்க்கவும் இல்லை. நடைமுறை எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் சொல்ல முடியும். மீதியை உங்கள் வக்கீலிடம் கறாராகக் கேட்டு வாங்க வேண்டும்.

திவால் மனு போட்டவரிடம் பணம் இருக்காதா?

நம் ஊரில் ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். உங்கள் கடிதம் முழுக்க அந்த நினைப்புதான் ஓடுகிறது. மறைமாவட்டம் போட்டிருப்பது அமெரிக்கத் திவால் சட்டத்தின் சாப்டர் 11 மனு. அதில் நிறுவனம் மூடப்படுவதில்லை. பூசை நடக்கும், பள்ளிக்கூடம் நடக்கும், ஆயர் பதவியில் இருப்பார். தன்மேல் உள்ள எல்லா வழக்கையும் ஒரே நீதிபதியின் முன் கொண்டுவந்து, மொத்தமாக ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டு, அந்தப் பழைய சம்பவங்களுக்காக மேற்கொண்டு யாரும் வழக்குப் போட முடியாதபடி செய்துகொள்வதுதான் மனுவின் நோக்கம். 2004 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் உயர்மறைமாவட்டம் முதன்முதலாக இந்த வழியில் போனது. துறவற சபைகளையும் சேர்த்தால் இன்றுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க அமைப்புகள் அதே வழியில் போயிருக்கின்றன.

இலாப நோக்கமற்ற அமைப்பைக் கடன் கொடுத்தவர்கள் வற்புறுத்தித் திவால் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சொத்தை விற்றுப் பங்கு போடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே எப்போது மனு போடுவது என்பது முழுக்க அவர்கள் கையில்தான். அந்தத் தேதிகளைக் கவனித்துப் பாருங்கள். மேரிலாந்தில் பழைய கொடுமைகளுக்கும் வழக்குப் போடலாம் என்ற சட்டம் 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது, பால்டிமோர் உயர்மறைமாவட்டம் செப்டம்பர் 29-ல் மனு போட்டது. உங்கள் மாநிலத்தில் பழைய வழக்குகளுக்கான கதவு 2020 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை திறந்திருந்தது. அதன்பின் 2023-ல் சான்டா ரோசா, ஓக்லண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ, 2024-ல் சாக்ரமென்டோ, சான் டியேகோ என்று வரிசையாக மனுக்கள் வந்தன.

மனு போட்ட நொடியில் மறைமாவட்டத்தின் மேல் உள்ள எல்லா வழக்கும் நிற்கும். உங்கள் வழக்கு நின்றது அதனால்தான், வக்கீலின் சோம்பேறித்தனத்தால் அல்ல. இதில் நீங்கள் இழந்தது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜூரி முன் சாட்சி சொல்லும் வாய்ப்பு, அந்தக் காலத்து ஆயர் அலுவலகக் கோப்புகளைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு, பொறுப்பில் இருந்தவர்களைச் சத்தியப் பிரமாணத்தில் கேள்வி கேட்கும் வாய்ப்பு, எல்லாமே இந்த நடைமுறையில் சுருங்கிப்போகின்றன. மறுபக்கமும் உண்டு. நூற்றுக்கணக்கான வழக்குகள் தனித்தனியாக நடந்தால், முதலில் தீர்ப்பு வாங்கும் பத்துப் பேர் கையிருப்பை அள்ளிக்கொண்டு போய்விடலாம், கடைசியில் நிற்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. இந்த ஏற்பாட்டில் அது நடக்காது. உங்களைப் போல் வழக்கு வரிசையில் பின்னால் இருந்தவர்களுக்கு இது அனுகூலம் என்றே நான் நினைக்கிறேன். சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்லும் காரணங்களிலும் நியாயம் இருக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? அம்மாவின் காணிக்கை பற்றிய உங்கள் கவலைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பல வழக்குகளில் பெரும்பங்கைக் கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். கொடுமை நடந்த ஆண்டில் மறைமாவட்டம் எந்தப் பொறுப்புக் காப்பீடு வைத்திருந்ததோ, அந்தப் பழைய பாலிசிதான் இன்றைக்கும் பேசும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாலிசிப் பத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்பதுகளின் நடுவிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உஷாராகி, பாலியல் கொடுமைக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பாலிசியில் விலக்கு எழுத ஆரம்பித்தன. உங்கள் சம்பவங்கள் 1986-க்கும் 1988-க்கும் நடுவில் வருகின்றன. அந்த மூன்று ஆண்டுகளுக்கு என்ன பாலிசி இருந்தது, யார் கொடுத்தது, அந்தக் கம்பெனி இப்போதைய சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா என்பது உங்கள் பங்கின் அளவையே மாற்றலாம். விளக்க அறிக்கையில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கும். அதன் மற்ற பக்கங்களைப் படிக்காவிட்டாலும் அந்த அட்டவணையைப் படித்துவிடுங்கள்.

மீதித் தொகை மறைமாவட்டத்தின் நிலம், முதலீடு, சில இடங்களில் பங்குக் கோவில்களின் கையிருப்பு ஆகியவற்றிலிருந்து வரும். “எங்களிடம் ஒன்றுமில்லை” என்ற பேச்சை நீதிமன்றங்கள் அப்படியே நம்புவதில்லை. மில்வாக்கி உயர்மறைமாவட்டம் 2007-ல் ஐந்தரைக் கோடி டாலருக்கும் மேல் ஒரு கல்லறை அறக்கட்டளைக்கு மாற்றியது. அப்படிச் செய்தால் வழக்குகளிலிருந்து அந்தப் பணத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்று அன்றைய பேராயர் டோலன் வத்திக்கானுக்கு எழுதிய கடிதம் பின்னால் வெளியே வந்தது. மதச் சுதந்திரத்தைக் காட்டி அந்தப் பணத்தை முழுதாகக் காத்துக்கொள்ள முடியாது என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அதிலிருந்தும் ஒரு பகுதி சமரசத்துக்கு வந்தது.

எவ்வளவு கிடைக்கும் என்று நேரடியாக நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. 2018-ல் செயின்ட் பால் மினியாபொலிஸ் உயர்மறைமாவட்டம் சுமார் 450 பேருக்கு 21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நியூயார்க்கின் ராக்வில் சென்டரில் சுமார் 600 பேருக்கு 32 கோடிக்கு மேல், அந்த வழக்கு 2020 அக்டோபரில் தொடங்கி 2024 டிசம்பரில்தான் முடிந்தது. மில்வாக்கியில் வெறும் 2 கோடியே 10 லட்சத்தைச் சுமார் 330 பேர் பகிர்ந்துகொண்டார்கள். திவாலுக்கே போகாத லாஸ் ஏஞ்சலஸ் 2024-ல் 1,353 பேருக்கு 88 கோடி. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது மொத்தத் தொகையை ஆள் கணக்கால் வகுத்துப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். இழப்பீட்டைப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளையின் செலவும் வக்கீல் பங்கும் போன பிறகே உங்களுக்கு. ஒரே திட்டத்துக்குள்ளும் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைப்பதைப் போல் பல மடங்காக இருக்கும்.

‘டோ’ எல்லாம் மோசடி அல்ல

வழக்குத் தாளைப் பார்த்து நீங்கள் பதறியது புரிகிறது. “ஜான் டோ எதிர் டோ 1, டோ 2” என்று மட்டும் எழுதிய தாளை நம்பித் தூங்குவது கஷ்டம்தான். பெயரை வெளியிடாதவரைக் குறிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்தும் பொதுப்பெயர்தான் ‘டோ’. கலிஃபோர்னியாவில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயரை மறைத்தது உங்கள் பாதுகாப்புக்காக. எதிர்த்தரப்பின் பெயரை மறைத்ததற்குக் காரணம் சட்டம். வழக்குப் போடுபவருக்கு 40 வயது ஆகியிருந்தால், குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஒரு தகவலையாவது காட்டி நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும் வரை எதிர்த்தரப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. வீடியோவில் மனநல நிபுணரிடம் பேசச் சொன்னதும் இதே சட்டத்தால்தான். 40 வயதைத் தாண்டியவரின் வழக்கில் நியாயமான அடிப்படை இருக்கிறது என்று வக்கீல் ஒரு சான்றிதழும், உங்களிடம் பேசி விசாரித்த நிபுணர் ஒரு சான்றிதழும் தர வேண்டும். இதற்காகத்தான் விசாரிக்கிறோம் என்று ஒரு வரி உங்களிடம் விளக்கியிருக்கலாம். விளம்பரம் போட்டு ஆயிரக்கணக்கில் வழக்குச் சேர்க்கும் அலுவலகங்களில் அந்த ஒரு வரிக்குக்கூட நேரம் இருப்பதில்லை.

ஆனால் அந்தத் தாளில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. டோ 1 யார், டோ 2 யார்? மறைமாவட்டமும் பங்கும் மட்டுமா, அந்தத் துறவற சபையும் உண்டா? சபை என்பது சட்டத்தின் கண்ணில் தனி அமைப்பு. அதற்குத் தனிச் சொத்து, தனி இன்ஷூரன்ஸ், தனி மேலாளர்கள். அந்தக் குரு எங்கிருந்து அனுப்பப்பட்டார், ஏன் மாற்றப்பட்டார் என்ற கோப்பும் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். மறைமாவட்டத்தின் திவால் மனு சபையைத் தானாகக் காப்பாற்றாது. “சாமியார் செத்துவிட்டார், இனி யார்மேல் வழக்கு?” என்று எழுதியிருந்தீர்கள். வழக்கு எப்போதுமே முக்கியமாக அவர்மேல் இல்லை. அவரைக் குழந்தைகள் மத்தியில் வைத்தவர்கள் தெரிந்தோ கவனிக்காமலோ விட்டதன் மேல்தான். அவர் இறந்ததால் போலீஸ் வழக்குக்கு இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

சபையின் பெயர் உங்கள் வழக்கில் இல்லை என்றால் உடனே எழுந்து உட்காருங்கள். 2022-ல் கதவு மூடியது உண்மை. என்றாலும், வயது வந்த பிறகு தோன்றிய மனப் பாதிப்பு சிறு வயதுக் கொடுமையால் வந்தது என்று ஒருவருக்குத் தெரியவந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்று ஒரு வழி கலிஃபோர்னியச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 2022-ல் நிபுணரிடம் பேசிய நாளை வைத்து எண்ணினால் 2027-ல் முடியும். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது, மனைவியிடம் சொன்னபோதே உமக்குத் தெரியும் என்று வாதாடும். ஆகவே என் கணக்கை நம்பி உட்காராமல், இதைக் கலிஃபோர்னியா வக்கீல் ஒருவரிடம் இந்த மாதமே கேளுங்கள்.

வாக்குச்சீட்டில் இரண்டு கட்டங்கள்

இந்தப் பதிலில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வாக்குச்சீட்டின் முதல் கட்டம் திட்டத்தை ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்பது. பாதிக்கப்பட்டோர் பொதுவாக ஒரே வகுப்பாக வாக்களிப்பார்கள். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேலானவர்கள் ஆதரிக்க வேண்டும், கோரிக்கைத் தொகையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். யாருடைய வலிக்கு எவ்வளவு என்று அந்த நேரத்தில் தீர்மானிக்க முடியாது என்பதால், பல வழக்குகளில் வாக்குக்காக மட்டும் ஒவ்வொருவர் கோரிக்கையையும் 1 டாலர் என்று வைத்துவிடுவார்கள். அந்தத் தொகையைப் பார்த்து யாரும் அதிர்ந்துபோக வேண்டாம். நீங்கள் மறுத்து வாக்களித்தாலும், வாக்கே போடாவிட்டாலும், திட்டம் நிறைவேறினால் அது உங்களையும் கட்டுப்படுத்தும், உங்கள் பங்கும் உங்களுக்கு வரும். மறுத்ததற்காகப் பங்கைக் குறைக்க மாட்டார்கள்.

அப்புறம், பெரும்பாலும் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இன்னொரு கட்டம் இருக்கும். மனுவே போடாத மற்றவர்களை, அதாவது பங்குக் கோவில்கள், பள்ளிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், சில சமயம் துறவற சபைகள் ஆகியோரை, நீங்கள் விடுவிக்கிறீர்களா என்று அது கேட்கும். முன்பெல்லாம் கேட்காமலேயே எல்லோரையும் விடுவித்துவிடுவது பல நீதிமன்றங்களில் நடந்தது. 2024 ஜூனில் பர்டியூ ஃபார்மா என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆட்களை விடுவிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வலி மாத்திரை வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு மறைமாவட்ட வழக்குகளையெல்லாம் புரட்டிப் போட்டது. சம்மதம் என்றால் என்ன என்பதை மட்டும் உச்ச நீதிமன்றம் வரையறுக்கவில்லை. அதனால் சில திட்டங்களில் நீங்கள் டிக் போட்டால்தான் விடுதலை. சிலவற்றில் டிக் போடாமல் சும்மா விட்டாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் கட்டத்தில் ஏற்கிறேன் என்று போட்டாலே இதற்கும் சேர்த்துச் சம்மதம் என்று எழுதியிருப்பதும் உண்டு.

உங்கள் விஷயத்தில் இதன் பொருள் வெளிப்படை. “விடுவிக்கப்படும் தரப்பினர்” என்ற பட்டியலில் அந்தத் துறவற சபை இருந்தால், அது இந்த நிதிக்குப் பணம் போடுகிறதா என்று பாருங்கள். போடாமல் விடுதலை மட்டும் வாங்கிக்கொள்கிறது என்றால், உங்களுக்கு இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றை நீங்களே இலவசமாக அடைத்துக்கொடுக்கிறீர்கள். மெயில் எழுதிய அலுவலகம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதே மெயிலை அனுப்பியிருக்கும். அவர்களில் மிகப் பலருக்கு மறைமாவட்டக் குருவால் நடந்திருக்கும், அவர்களுக்கு அந்த அறிவுரை சரியாகவே இருக்கலாம்.

பெயர் வெளியே வருமா?

உங்களுக்கு நடந்ததைச் சொல்லி இழப்பீடு கேட்டுத் திவால் நீதிமன்றத்துக்கு உங்கள் சார்பில் தந்த கோரிக்கைப் படிவம் பொதுப் பதிவில் இருக்காது. இப்படிப்பட்ட வழக்குகளில் படிவங்களை மூடி வைப்பது வழக்கம். நீதிமன்றம், மறைமாவட்டத்தின் வக்கீல்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பாதிக்கப்பட்டோர் சார்பில் பேசும் ‘கடன் கொடுத்தவர்கள் குழு’, கோரிக்கைகளை மதிப்பிடுபவர் என்று ஒரு வட்டத்துக்குள்தான் அது சுற்றும். அவர்கள் எல்லோருமே இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். வட்டம் நீங்கள் நினைத்ததை விடப் பெரியதுதான், ஆனால் பங்கு அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை.

குருவின் பெயர் வேறு விஷயம். நம்பத்தகுந்த குற்றச்சாட்டு உள்ளவர்களின் பட்டியலையும் அவர்கள் எந்தெந்த ஆண்டு எந்தெந்தப் பங்கில் இருந்தார்கள் என்பதையும் வெளியிட வேண்டும் என்பது பல சமரசங்களில் ஒரு நிபந்தனை. அப்படி வெளிவந்தால், 1986-ல் நீங்கள் அந்தப் பீடத்தில் நின்றதை அறிந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டம் உங்கள் பெயரைக் காக்கும், அம்மாவின் ஞாபகத்தை ஒன்றும் செய்ய முடியாது. பூசை முடிந்து காபி குடிக்கும் இடத்தில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேண்டுமா, உங்களிடமிருந்தா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும்தான் தீர்மானிக்க முடியும். அந்த முடிவை எடுக்கப் பட்டியல் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

கோப்புகளைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். பணம் வந்த பிறகு காகிதம் வரும் என்று இருக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸில் 2007 சமரசத்தோடு வர வேண்டிய கோப்புகள், இழுபறிக்குப் பிறகு 2013-ல்தான் வெளியாயின. உங்கள் திட்டத்தில் ஆவண வெளியீட்டுக்குத் தேதி இருக்கிறதா, மீறினால் யாரிடம் முறையிடுவது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். “அவர் இன்னும் எத்தனை பையன்களுக்கு இதைச் செய்தார் என்று தெரிந்தால் போதும்” என்று நீங்கள் எழுதிய வரிக்கு இழப்பீட்டுத் தொகையில் பதில் கிடைக்காது, அந்தக் கோப்புகளில் கிடைக்கலாம்.

காணிக்கையும் வெள்ளிக்காசும்

ஞாயிறு தட்டில் அம்மா போடும் காணிக்கை நேராக உங்கள் கைக்கு வராது. ஆனால் ஒரு பைசாகூடச் சம்பந்தமில்லை என்று நான் சொன்னால் அதுவும் உண்மையாகாது. பஃபலோ போன்ற இடங்களில் சமரசத் தொகைக்காகப் பங்குக் கோவில்களின் கையிருப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். சில பங்குகள் மூடவும் படுகின்றன. பூசைக்கு ஆள் குறைந்தது, குருக்கள் பற்றாக்குறை, நிலநடுக்கத்துக்குத் தாங்காத பழைய கட்டடங்கள் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பலர் முதலில் கைகாட்டுவது வழக்குகளைத்தான். உங்கள் பங்கில் செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குத் தமிழர்கள் கூடும் மண்டபம் நாளைக்கு விலைக்கு வந்தால், “வழக்குப் போட்டவர்களால்தான்” என்று யாராவது உங்கள் அம்மா காதுபடச் சொல்லக்கூடும். அந்த மண்டபத்தைப் பணயம் வைத்தவர்கள் 1986-ல் அலுவலகத்தில் இருந்தவர்கள். 11 வயதுப் பையன் அல்ல.

உங்கள் சித்தப்பா மகன் சாமிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொல்ல நினைத்தால், சுவிசேஷத்தில் அந்த முப்பது வெள்ளிக்காசை வாங்கியவன் காட்டிக்கொடுத்தவன் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். காட்டிக்கொடுக்கப்பட்டவருக்கு யாரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. மன்னிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது என் தொழில் அல்ல. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு விழுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இழப்பீடு வாங்கியபின்னும் பூசைக்குப் போகிறவர்கள் உண்டு, திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு, இரண்டையும் எந்தத் திட்டமும் கேட்பதில்லை.

வக்கீலுக்கு எழுத வேண்டிய மெயில்

போனில் கேட்காதீர்கள். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும். ஒப்பந்தம் உங்கள் வழக்கைக் கையாள ஒரு வக்கீலைச் சொல்கிறது, கேள்வி குறித்துக்கொண்ட பெண்மணியை அல்ல. அந்த வக்கீலோடு அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்க வேண்டியவை:

1. டோ 1, டோ 2, டோ 3 யார் யார்? துறவற சபை அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?

2. வாக்குச்சீட்டில் நான் எப்படிக் குறித்தால் சபையின் மேல் உள்ள உரிமை எனக்கு மிஞ்சும்?

3. 1986 முதல் 1988 வரை மறைமாவட்டத்துக்கு இன்ஷூரன்ஸ் யார், அவர்கள் சமரசத்தில் இருக்கிறார்களா?

4. நான் கொடுத்த கோரிக்கைப் படிவத்தின் நகல் வேண்டும்.

5. உங்கள் பங்கு எத்தனை சதவீதம், செலவைக் கழிப்பது அதற்கு முன்பா பின்பா?

நான்காவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பணத்தைப் பிரிக்கும்போது மதிப்பீட்டாளர் ஒருவர் ஒவ்வொரு படிவத்தையும் படித்து மதிப்பெண் போடுவார். எந்த வயதில், எவ்வளவு காலம், என்ன நடந்தது, யாரிடமாவது அப்போதே சொன்னதுண்டா, பிறகு படிப்பு, வேலை, திருமணம், உடல்நலம் எப்படிப் பாதிக்கப்பட்டது என்றெல்லாம் பார்ப்பார். உங்கள் கதை முக்கால் மணி நேர போன் பேச்சிலிருந்து யாரோ சுருக்கி எழுதியது. எனக்கு எழுதிய கடிதத்தில், பூசை உடுப்பு மாற்றும் அறையைப் பற்றியும், 13 வயதில் திடீரென்று பீடச் சேவையை விட்டதற்கு அப்பா அடித்ததைப் பற்றியும், பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்தியதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் படிவத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் திருத்திச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், மதிப்பீடு தொடங்கும் வரை பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நடந்ததைக் கூட்டி எழுதச் சொல்லவில்லை, விட்டுப்போனதை எழுதச் சொல்கிறேன். எழுத உட்காரும் அன்று மனைவி வீட்டில் இருக்கட்டும்.

வக்கீல் பங்கு பற்றி: இந்த மாதிரி வழக்கில் மூன்றில் ஒன்றிலிருந்து 40 சதவீதம் வரை வாங்குவது நடைமுறை. பதிலே வராத அலுவலகமாக இருந்தால் வக்கீலை மாற்றலாம். பொதுவாகப் புதியவரும் பழையவரும் அந்த ஒரே பங்கைத்தான் பிரித்துக்கொள்வார்கள், உங்களுக்கு இரட்டைச் செலவு வராது. அதையும் புதிய ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நெருங்கும் நேரத்தில் “உங்கள் இழப்பீட்டின் மேல் இன்றே முன்பணம்” என்று போன் வரலாம். வட்டியைக் கணக்குப் போட்டால் கடைசியில் அவர்களுக்கே பெரும்பகுதி போகலாம், வாங்காதீர்கள். வரியைப் பொறுத்தவரை, உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குப் பொதுவாக மத்திய வருமான வரி இல்லை, அதில் சேரும் வட்டிக்கு உண்டு. பணம் கைக்கு வரும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிபதியின் முன்னிலையில், ஆயரும் உட்கார்ந்திருக்க, தங்களுக்கு நடந்ததைச் சொல்ல சில வழக்குகளில் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். அது சாட்சியம் அல்ல, யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள், பெயர் சொல்லாமலும் பேசலாம். உங்கள் வழக்கில் அப்படி ஒன்று உண்டா என்பதை ஆறாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விருப்பம் இல்லாவிட்டால் போக வேண்டியதில்லை, அதனால் தொகையில் எந்த மாற்றமும் வராது.

மெயிலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வக்கீலோடு பேசிய பிறகு வாக்குச்சீட்டை நிரப்புங்கள், இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்புவதானால் கடைசித் தேதிக்குள் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்று தபாலில் போட்டால் போதாது. ஆன்லைனில் அனுப்ப வசதி இருந்தால் அதுவே நல்லது, அனுப்பியதற்கு எண் கிடைக்கும்.